நான் வெட்டிய ஐந்து மாதங்கள்

என் தங்கை டாக்டர். நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். மூத்தவள் நான்தான் என்றாலும், எங்கள் அம்மா இந்த இரண்டு தகவல்களையும் எப்போதும் இந்த வரிசையில்தான் சொல்வாள். சில நேரங்களில் முதல் தகவலோடு நிறுத்திக்கொள்வாள்.

மருத்துவ நுழைவுத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். அவள் ஒரு முறை எழுதினாள். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்ததால் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே சித்திரபுரத்தில் வாரியக் குடியிருப்பில் இருந்தோம். மூன்று வருட இடைவெளியில் இருவரும் ஒரே மேசையில், ஒரே புத்தகங்களைப் படித்தோம். அவள் கைக்குப் போனபோது அந்தப் புத்தகங்களில் என் பென்சில் அடிக்கோடுகள் இருந்தன. எது முக்கியம் என்று கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு மிச்சம். அவளுக்கு இடம் கிடைத்த ஆண்டு நான் கோயம்புத்தூரில் பத்திரிகைப் பயிற்சியில் இருந்தேன். எஸ்டேட் பகுதியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறாள் என்று எங்கள் பத்திரிகை படம் போட்டது. அம்மா அவளுக்கு இனிப்பு ஊட்டும் படம். அதன் ஓரத்தில் என் தோளும் கொஞ்சம் முடியும் விழுந்திருந்தன. படத்துக்குக் கீழே வரும் வரியை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, ஓரத்தை வெட்டிவிடுங்கள் என்று பக்கம் போடுபவரிடம் சொன்னேன். வெட்டிவிட்டார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்த ஒரு காரியத்தைத் தற்செயல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

தங்கை எம்.பி.பி.எஸ். முடித்து, குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பைக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் மூன்று ஆண்டு படித்தாள். அங்கே கல்லூரி கிடையாது. பட்டம் தருவது பல்கலைக்கழகம் அல்ல, மத்திய அரசின் தேர்வு வாரியம். அது எம்.டி.க்குச் சமம் என்று அரசாணை இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. கல்லூரி இல்லாத மருத்துவமனையில் படித்தவர்கள் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டுமானால், ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரியில் ஓராண்டு சீனியர் ரெசிடெண்ட் என்ற தற்காலிகப் பதவியில் வேலை பார்த்திருக்க வேண்டும். அவள் பார்த்திருந்தாள். ஒரே கல்லூரியில்தான், ஆனால் இரண்டு துண்டாக. முதலில் ஏழு மாதம். ஒப்பந்தம் முடிந்து ஓர் இடைவெளி. பிறகு ஐந்து மாதம்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பதவிக்குத் தேர்வு அறிவித்தபோது அவள் கட்டப்பனையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தாள். வயது வரம்பைத் தொட இன்னும் சில மாதங்கள். இந்தத் தேர்வை விட்டால் அடுத்தது கிடையாது. இணையப் படிவத்தில் அனுபவம் என்ற இடத்தில் ஒரு கல்லூரிக்கு ஒரு பதிவு போதும் என்று நினைத்து ஏழு மாதத்தை மட்டும் போட்டாள். அது அவள் தவறு. சில வாரங்கள் கழித்து ஒரு வரி பதில் வந்தது: விண்ணப்பதாரரின் பட்டம் இணையானதல்ல, தேர்வு எழுதத் தகுதி இல்லை.

அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மூணு வருஷம் தூங்காம படிச்சது இணை இல்லையாம்."

"காரணம் எழுதியிருக்கா?"

"ஒரே வரிதான். நீ போடுற தலைப்பு மாதிரி."

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது என்று முடிவானது. எறணாகுளத்தில் வக்கீலை ஏற்பாடு செய்தது நான். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. எங்கள் பத்திரிகைக்கு முன்பு ஒரு வழக்கு நடத்திக் கொடுத்தவர். தங்கை சொன்னதைப் போனில் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒரு வருஷம் ரெசிடென்சி பண்ணியாச்சோ?"

"பண்ணிட்டேன் மேடம். எல்லாம் நோட்ல எழுதுறேன்."

"ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம் கேட்டேளா. ஜட்ஜ் படிக்கறத்துக்கு முன்னாடி நான் படிக்கணுமே."

தங்கை நான்கு பக்கம் எழுதி எனக்கு அனுப்பினாள். "நீதான் இதுல எக்ஸ்பர்ட். சுருக்கிக் குடு" என்று ஒரு வரி. சான்றிதழ்களின் கட்டையும் கூரியரில் வேலந்தாவளத்துக்கு வந்தது. அங்கேதான் என் வீடு. கணவர் அந்தப் பக்கத்தவர். பால் சொசைட்டியில் செயலாளர். எங்களுடையது சர்ச்சில் நடக்காத பதிவுத் திருமணம். அதற்காக அம்மா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. நான் மாநில எல்லையைத் தாண்டி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

செய்தியைச் சுருக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கீழே இருந்து வெட்டுவோம். செய்தி எழுதுகிறவர் முக்கியமானதை முதலில் வைத்து, முக்கியம் குறைவானதைக் கீழே தள்ளிக்கொண்டே போவார். இடம் பற்றாதபோது கடைசிப் பத்தியை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பதினைந்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் டாக்டர்கள் அப்படி எழுதுவதில்லை. நோயாளியின் கதையை எழுதுவதுபோல நாள்வாரியாக எழுதுகிறார்கள். கடைசியில் நடந்தது கடைசியில் வரும். என் தங்கையின் குறிப்பில் கடைசிப் பத்தி அந்த ஐந்து மாதம்.

அதை நான் படிக்காமல் வெட்டவில்லை. இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வாக்கியம் இருந்தது: 'நான் மீண்டும் அழைக்கப்பட வேண்டும் என்று மாணவர்கள் துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்டதன் பேரில், அதே பதவியில் மறுபடியும் ஐந்து மாதம் பணியாற்றினேன்.' அன்று காலை அலுவலகத்தில் என் கட்டுரை ஒன்றை வேறொருவர் பெயரில் போட்டிருந்தார்கள். அது தவறுதலாக நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெயரோடு கடைக்குக் கடை தொங்கிய பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் நான். மாணவர்கள் எழுதிக் கேட்டார்களாம். என்னை இதுவரை யாரும் எதற்காகவும் எழுதிக் கேட்டதில்லை.

அதே கல்லூரி, அதே பதவி, அதே வேலை, கூறியது கூறல். பத்தியை எடுத்தேன். மற்றதை முன்பே சுருக்கியிருந்ததால் சரியாக இரண்டு பக்கம் வந்தது. மனுவில் பேசப்படாத ஆவணத்தை இணைப்பில் வைக்கக் கூடாது என்று வக்கீலின் ஜூனியர் சொல்லியிருந்ததால், அந்த ஐந்து மாதச் சான்றிதழையும் கட்டிலிருந்து எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். மீதியை அனுப்பினேன்.

இதுவரை நடந்ததைப் பழக்கம் என்று சொல்லலாம், எரிச்சல் என்றும் சொல்லலாம். அதற்கப்புறம் நடந்ததற்கு அந்தப் பெயர்கள் பொருந்தாது. இழுப்பறையை மூடும்போதே கூட்டிப் பார்த்துவிட்டேன். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. ஓராண்டு நிபந்தனை அதே குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதையும் நான்தான் ஒரு வரியாகச் சுருக்கியிருந்தேன். போனை எடுத்து ஜூனியரிடம் ஒரு பத்தி விட்டுப்போய்விட்டது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நாளைக் காலை சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

காலையில் அம்மா போன் செய்தாள். அப்பா இறந்த பிறகு சித்திரபுரத்துக்குக் கீழே சொந்தமாகக் கட்டிய இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள்.

"ஏட்டி, தங்கச்சி கேஸ் பேப்பரெல்லாம் கோடதிக்கு அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"எல்லாத்தையும் நல்லா பாத்தியா? நீ அவசரக்குடுக்கை."

"பாத்தேன்."

"அவளுக்கு இது மட்டும் கெடைச்சுட்டா நான் நிம்மதியா கண்ண மூடிருவேன். பிள்ள எம்புட்டு கஷ்டப்பட்டா."

எனக்கு என்ன கிடைத்தால் கண்ணை மூடுவாய் என்று கேட்கவில்லை. ஜூனியருக்கும் போன் செய்யவில்லை.

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தங்கை எறணாகுளம் போனது ஒரு இருபத்து நான்கு மணி நேரப் பணியை முடித்துக்கொண்டு. படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். "நீ படிச்சதுதானே" என்றாள். முதல் விசாரணையில் இடைக்கால உத்தரவு கிடைத்தது. தற்காலிகமாகத் தேர்வு எழுதலாம். ஆனால் முடிவை வெளியிடக் கூடாது, மனு முடியும்வரை மூடி வைக்க வேண்டும். எழுதினாள். வெளியே வந்து, நன்றாக எழுதியிருக்கிறேன் என்று சொன்னாள். அவள் அப்படிச் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும். அவளுடைய மதிப்பெண் எங்கோ ஓர் உறைக்குள் இருக்கிறது என்பதை மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. காய்ச்சலின்போது கடிகாரச் சத்தம் கேட்பதுபோல எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

இறுதி விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது எதிர்த்தரப்பின், அதாவது தேர்வை நடத்தியவர்களின், பதில் வந்தது. தங்கை அதைப் போனில் படித்துக் காட்டினாள். பட்டம் சமம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டு நிபந்தனைக்கு உட்பட்டு. மனுதாரர் தன் மனுவிலேயே ஏழு மாதம்தான் சொல்லியிருக்கிறார். ஆகவே தகுதி இல்லை.

"அக்கா, என் அஞ்சு மாசம் எங்க போச்சு?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இப்பதான் மனுவ முழுசாப் பாக்குறேன். அதுல ஒரு வார்த்தை இல்ல, சர்ட்டிபிகேட்டும் இல்ல. அந்த ஜூனியர் பையன்தான் விட்டிருப்பான். மேடம் பாக்கவே இல்ல போல. இவங்கள நம்பி..."

"கேட்டுப் பாக்கலாம்," என்றேன்.

"கேக்குறதென்ன, வக்கீல மாத்தப் போறேன். பத்து நாள்ல எவன் கிடைப்பான்?"

என் வாயிலிருந்து வந்தது, "அதுவும் சரிதான்."

இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் எனக்கு இன்றும் வெட்கம். பத்தியை வெட்டியதைவிட இதற்காகத்தான்.

மூன்று நாள் அப்படியே போனது. அந்த மூன்று நாளும் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். தங்கை கட்டப்பனையிலேயே இருந்துவிட்டால் அவள் ஒரு டாக்டர். ஊருக்கு ஒரு டாக்டர் இருப்பதுபோல. கல்லூரிக்குப் போனால் பேராசிரியர். அவளைப் பற்றி அம்மா சொல்லும் வாக்கியம் இன்னும் ஒரு சொல் நீளும். அந்த ஒரு சொல்தான் என் கண்ணை உறுத்தியது. அவள் வாழ்க்கையில் மீதி எதுவும் எனக்கு வேண்டாம். அவள் தூங்காத தூக்கம் வேண்டாம், அவள் கையில் இறந்துபோன குழந்தைகளின் தாய்மார்களை நான் எதிர்கொள்ள வேண்டாம். அதெல்லாம் தெரிந்தும் அந்தச் சொல் அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று இருந்தது.

மூன்றாம் நாள் சந்தை நாள். வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை கூடினால் எங்கள் தெருவில் வண்டி நிறுத்த இடமிருக்காது. கணவர் பைக்கை நகர்த்தி நிறுத்தும்போது ஒரு வேன் உரசிவிட்டது. காப்பீட்டுத் தாளைத் தேடி என் இழுப்பறையைத் திறந்தார்.

"ஏம்புள்ள, இது உன்ற தங்கச்சி சர்ட்டிபிகேட்டாட்டம் இருக்குது?"

"ஆமா."

"அது காணோம்னுதான அந்தப் புள்ள மூணு நாளா அழுதுட்டு இருக்குது?"

"ஆமா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு அதன் முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மறந்து வெச்சுட்டயா?"

"இல்ல."

அவர் சான்றிதழை என்னிடம் நீட்டினார். வெளியே மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு சொன்னார்: "சந்தையில ஒரு மாட்ட நல்ல விலைக்குக் கேட்டா, பக்கத்துல கட்டியிருக்கறவனுக்கு வவுறு எரியத்தான் செய்யும். அதுக்காவ ராத்திரியோட ராத்திரியா அந்த மாட்டோட கவுத்த அவுத்து உட்டா, அவன அப்பறம் சந்தைக்குள்ளயே உட மாட்டாங்க. நாளைக்கு எறணாகுளம் வண்டியில போயிட்டு வந்துரு."

"நீங்க வர்றீங்களா?"

"நா எதுக்கு? நீ வெச்சதத்தான நீ குடுக்கற."

மறுநாள் காலை ரயிலில் போனேன். வக்கீலின் அறை நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில். சான்றிதழை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். செய்தி அறிக்கைபோல யார், எப்போது, எப்படி என்று. ஏன் என்பதை மட்டும் கடைசிக்கு வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஜூனியரை நேத்து நன்னா திட்டிட்டேன். பாவம், அவன் மத்தியானம் ஊண் கழிக்கக்கூடப் போகலை."

"என்னை மன்னிச்சிடுங்க."

"என்னை எதுக்கு? நானும் கூட்டிப் பாத்திருக்கணும். ஏழுன்னு இருக்கு, ஒரு வருஷம் எங்கேன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. சரி, அது இருக்கட்டும். இந்த ரெக்கார்டைக் கோர்ட்டுல கொடுக்கணும்னா புதுசா ஒரு அஃபிடவிட் வேணும். இத்தனை நாள் ஏன் கொடுக்கலைன்னு காரணம் எழுதணும். என்ன எழுதறது?"

"கவனக்குறைவுன்னு எழுதலாமா?"

"கவனக்குறைவாக்குமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்போ அதை எழுதப்படாது. கோர்ட்டுக்கு முழுசும் சொல்லணும்னு இல்லை. பொய் சொல்லப்படாது, அவ்ளோதான். 'விவரங்களைச் சுருக்கியவர் இது தேவையில்லை என்று நீக்கிவிட்டார், மனுதாரர் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார்.' இது சத்தியம்தானே?"

"சத்தியம்தான்."

"ஆனா உங்க தங்கையாக்கும் கையெழுத்துப் போடணும். என்னன்னு தெரியாம ஒரு தடவை போட்டாச்சு. ரெண்டாவது தடவை தெரிஞ்சு போடட்டும். வரச் சொல்லுங்கோ. நீங்கோதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

தங்கை மறுநாள் மதியம் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். நான் முந்தின இரவு ஊர் திரும்பாமல் ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருந்தேன். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தோம். சான்றிதழைக் கொடுத்தேன். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் அது அதிக நேரம் இருக்கவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"என் டிராயர்ல."

"உன் டிராயர்ல எப்படி?"

சொன்னேன். பத்தியை வெட்டியது, சான்றிதழை எடுத்தது, கூட்டிப் பார்த்தது, அம்மாவின் போன், 'அதுவும் சரிதான்' என்று சொன்னது. சாயா ஆறி ஆடை கட்டியது. கடைக்காரர் வந்து வேறு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நான் உனக்கு என்னக்கா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல."

"அப்புறம்?"

"எனக்குப் பொறாமை. சின்ன வயசுலேருந்து. உனக்குத் தெரியாதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது முழுக்க என்மேல் இல்லை.

"அந்த மாணவர்கள் எழுதிக் கேட்டாங்கன்னு ஒரு வரி போட்டிருந்தேன்ல. அது கோர்ட்டுக்குத் தேவையே இல்ல."

"இல்லதான்."

"உனக்காகத்தான் எழுதினேன். நீதான படிப்ப. நீ படிக்கணும்னுதான்."

நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? நீ பத்திரிகையில எழுதுறதெல்லாம் அப்பா வெட்டி ஒட்டி வச்சிருந்தாரு. என் மார்க் ஷீட்ட ஒண்ணாவது ஒட்டினாரா? உன் கட்டுரைய வீட்டுக்கு வர்றவங்க கிட்டெல்லாம் படிச்சுக் காட்டுவாரு. அவருக்கு நான் ஊசி போட்டா மட்டும் போதும்."

அப்பா அப்படிச் செய்தார் என்பது எனக்குத் தெரியும். அது அவளுக்கு வலித்திருக்கும் என்று தெரியாது. என் பொறாமையைக் கவனிப்பதிலேயே நான் மும்முரமாக இருந்திருக்கிறேன். அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், இருந்தது. ஆறுதல் என்று சொல்வதைவிட, ஒரு சின்ன வெற்றி என்று சொல்வது சரியாக இருக்கும். நடந்ததற்கு அது எந்தச் சமாதானமும் இல்லை. அவள் எழுதியது ஒரு தற்பெருமை வரி. நான் எடுத்தது அவளுடைய வேலையை.

"மன்னிப்பெல்லாம் இப்ப கேக்காத," என்றாள். "கேஸ் முடியட்டும். தோத்தா நான் உன்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன். இப்பவே சொல்லிடுறேன்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா பாக்கலாம்."

மாடிக்குப் போய் வக்கீல் சொன்ன வாக்கியத்தின் கீழ், வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். 'சுருக்கியவர்' என்ற சொல்லில் மட்டும் பேனாவை ஒரு கணம் நிறுத்தினாள்.

இறுதி விசாரணை நாளில் நானும் போயிருந்தேன். வழக்கு மதிய இடைவேளைக்குச் சற்று முன் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், இந்த ஆவணம் கடைசி நேரத்தில் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வக்கீல் பிரமாணப் பத்திரத்தின் வாக்கியத்தைப் படித்தார். சுருக்கியவர் யார் என்று நீதிபதி கேட்டார். மனுதாரரின் சகோதரி, பத்திரிகையில் வேலை, என்று பதில். நீதிபதி தாளிலிருந்து நிமிராமல், பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான், என்று ஏதோ சொன்னார். முன் வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உத்தரவு இதுதான்: சான்றிதழைக் கல்லூரியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், சரியென்றால் மனுதாரர் தகுதியுள்ளவர், மூடி வைத்த முடிவை வெளியிட வேண்டும். எல்லாம் ஒரு சாயா குடிக்கும் நேரம்.

சரிபார்த்தார்கள். சரியாக இருந்தது. பட்டியலில் அவள் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவள் போன் செய்து சொன்னபோது, முதலில் எனக்குள் எழுந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். மகிழ்ச்சி அதற்குப் பின்னால்தான் வந்தது. இடையில் ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். ஆனால் வந்தது. இதற்கு முன் பல தடவை அது வராமலே போயிருக்கிறது.

"இப்ப பேசுவியா?" என்று கேட்டேன்.

"பேசிட்டுத்தான இருக்கேன்," என்றாள்.

அந்த மாதமே அம்மா சர்ச்சில் சாட்சி சொல்ல ஏற்பாடு செய்துவிட்டாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் வேண்டுதல் நிறைவேறினால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். காணிக்கை வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார முடியாது. நாங்கள் இருவரும் பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தோம். அம்மா மைக்கைப் பிடித்தாள். கையில் எழுதி வைத்த தாள் எதுவும் இல்லை.

தங்கையின் வழக்கை அவள் சொன்ன விதத்தில் சட்டம் எதுவும் இல்லை. சத்துருக்கள் இருந்தார்கள், கண்ணீர் இருந்தது. பிறகு, "தொலைஞ்சு போச்சுன்னு எல்லாரும் கைய விட்ட பேப்பர என் மூத்த மக தேடிக் கண்டுபிடிச்சு, ராவும் பகலும் அலைஞ்சு கோடதிக்குக் கொண்டு போனா. அவ இல்லாட்டி என் சின்ன மகளுக்கு இந்த வேல இல்ல. ரெண்டு மகள்களுக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். சபை ஸ்தோத்திரம் என்றது.

அம்மாவிடம் அப்படிச் சொல்லி வைத்தது தங்கை. எனக்குத் தெரியாமல். நான் அவள் பக்கம் திரும்பினேன். முக்காட்டைச் சரி செய்துகொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன சொல்லி வச்சிருக்க?" என்று கிசுகிசுத்தேன்.

"அம்மாவுக்கு அது போதும்."

போதகர் புன்னகையோடு, மூத்த மகளும் வந்து ஒரு வார்த்தை சொல்லலாமே, என்றார். மறுக்க முடியாது. எழுந்து போனேன். என்னைச் சிறு வயதிலிருந்து தெரிந்த முகங்கள். தேயிலை எடுத்த கைகள், மின்வாரியக் குடியிருப்புக்காரர்கள். முதல் முறையாக அவர்கள் என்னை டாக்டரின் அக்கா என்று பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்கள். அம்மா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் முப்பது வருடமாக எதிர்பார்த்திருக்கிறேன். அது நான் செய்யாத காரியத்துக்காகக் கிடைத்தது.

"நான் கண்டுபிடிக்கல," என்றேன் மைக்கில். "அந்தப் பேப்பர் என்கிட்டதான் இருந்துச்சு. முன்னாடியே குடுத்திருக்கணும். குடுக்கல."

முன் வரிசையில் ஒரு பாட்டி, "எம்புட்டுத் தாழ்ம பாரு" என்று பக்கத்தில் சொல்வது கேட்டது. சபை மறுபடியும் ஸ்தோத்திரம் என்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அது யாரையும் போய்ச் சேரவில்லை. இன்னொரு முறை, இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இறங்கி வந்தேன்.

தங்கை நகர்ந்து இடம் கொடுத்தாள். போதகர் பாட்டின் எண்ணை அறிவித்தார். அவளுடைய பொறாமை அப்பாவோடு முடிந்துபோன ஒன்று. என்னுடையது முடியவில்லை என்பது உட்காரும்போதே தெரிந்தது. என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லக்கூட அவளால் முடிகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே தன் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். பாட்டு திறந்திருந்தது. அந்தப் பக்கத்தையும் அவள்தான் முதலில் எடுத்திருந்தாள்.